34 விசைக்குள் தமிழ்99 அடங்குமா? (கம்பியில்லாப் பிரிபலகை, இசட்எம்கே)

#1 பாதிராத்திரி

வணக்கம். ஒரு வருடமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தவன். சாலிடரிங் இரும்பைப் பிடிக்கக் கூடாத இடத்தில் பிடித்து விரலைச் சுட்டுக்கொண்ட பிறகுதான் எழுத வந்திருக்கிறேன்.

பகலில் நிரல் எழுதுகிற வேலை, ராத்திரியில் தமிழில் கொஞ்சம் எழுதுவேன். மணிக்கட்டு வலி வந்ததால் ஃபெரிஸ் ஸ்வீப் கட்டுவது என்று முடிவு செய்தேன். தெரியாதவர்களுக்கு: இரண்டாகப் பிரிந்த பலகை, ஒரு பக்கத்துக்கு 17 விசை, மொத்தம் 34. எண் வரிசை கிடையாது, ஓர விசைகள் கிடையாது. விரல் எங்கேயும் ஒரு விசைக்கு மேல் நகர வேண்டாம். வழக்கமாக விசைக்கு ஒன்று வைக்கிற டயோடும் கிடையாது என்பதுதான் என்னை இழுத்தது. ப்ரோ மைக்ரோ அளவுக் கன்ட்ரோலர் பலகையில் 18 கால்கள் (பின்கள்) இருப்பதால் விசைக்கு ஒரு காலை நேராகவே கொடுத்துவிட்டார்கள்.

மூளைக்கு இரண்டு சூப்பர்மினி கன்ட்ரோலர் வாங்கினேன். நைஸ்நானோ என்கிற புளூடூத் கன்ட்ரோலரின் நகல்தான், அதே என்ஆர்எஃப்52840 சில்லு. ஒரு நைஸ்நானோ விலையில் இது நாலைந்து வரும். ஆங்கிலத்துக்கு கோல்மாக் டிஎச் அடுக்கு (வழக்கமான குவெர்டியில் எழுத்துகளை இடம் மாற்றியது), தமிழுக்குத் தமிழ்99 அடுக்கு.

இப்போது நிலவரம்: இரண்டு பலகையையும் பற்றவைத்து முடித்துவிட்டேன். இரண்டும் இடது கை. ஒரே பலகையைத் திருப்பிப்போட்டு வலதாக்க வேண்டும் என்று படத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறது, பார்த்துவிட்டுத்தான் செய்தேன், அப்படியும் இப்படி. 17 சாக்கெட்டையும் கழற்றிக்கொண்டிருக்கிறேன். பேட்டரி இன்னும் கோக்கவில்லை. அதற்கு முன்னால் ஏதாவது சொல்வதிருந்தால் சொல்லிவிடுங்கள்.

#2 ரிச்சித்தெரு

முதலில் ஆறுதல்: இதைச் செய்யாதவன் இந்த இழையில் யாருமில்லை. நான் ஒரு தடவை இரண்டையும் வலதாகச் செய்தேன்.

பேட்டரி விஷயம் நிதானமாகக் கேளுங்கள் தம்பி. 301230 என்று எழுதிய லித்தியம் பாலிமர் செல் வாங்குங்கள். எண்ணிலேயே அளவு இருக்கிறது: 3 மில்லிமீட்டர் தடிமன், 12 அகலம், 30 நீளம். 100, 110 மில்லி ஆம்பியர் மணி வரும். கன்ட்ரோலருக்கு அடியில் அப்படியே படுத்துக்கொள்ளும். நைஸ்நானோ 100 மில்லி ஆம்பியரில் சார்ஜ் ஏற்றும், இந்தச் செல்லுக்கு அது சரி. பலகையில் பூஸ்ட் என்று ஒரு ஜம்பர் இருக்கும், அதை இணைத்தால் மின்னோட்டம் கூடும். சின்னச் செல்லை வைத்துக்கொண்டு அதன் பக்கம் போகாதீர்கள்.

செல்லின் நுனியில் இருக்கிற வெள்ளை பிளக்கை நம்பவே வேண்டாம். கடைக்குக் கடை பிளஸ், மைனஸ் மாறும். சிவப்புக் கம்பி இருக்கும் பக்கம்தான் பிளஸ் என்று ஒரு தடவை நானும் நம்பினேன். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்கும். பார்க்கவில்லை. ஒரு சின்ன 'டிக்', அப்புறம் அந்த வாசனை. எலெக்ட்ரானிக்ஸ் செய்கிற யாருக்கும் அந்த வாசனையை விளக்க வேண்டியதில்லை.

கன்ட்ரோலரை நேராகப் பலகையில் பற்றவைக்காதீர்கள். உருண்டைத் துளை ஐசி சாக்கெட் வாங்கி, டயோடின் காலை வெட்டிக் குச்சியாகச் செருகினால் பிடுங்கி மாற்றலாம். டயோடே இல்லாத பலகைக்கு டயோடு வாங்க வேண்டியிருக்கிறதே என்று சிரிக்காதீர்கள், பத்து டயோடு ஒரு டீ விலைகூட வராது. கன்ட்ரோலருக்குக் கீழே வருகிற சுவிட்சின் பின்களை மட்டமாக நறுக்கி மேலே டேப் ஒட்டிவிடுங்கள். லித்தியம் பையில் கூர்மையான எதுவும் குத்தக் கூடாது.

#3 கவட்டை

ஃபர்ம்வேர் (பலகைக்குள் ஓடுகிற நிரல்) இசட்எம்கேதானே? கியூஎம்கே முயன்று பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

#4 பாதிராத்திரி

இசட்எம்கேதான். ஆனால் ஏன் கியூஎம்கே இல்லை என்று எனக்கே சரியாகத் தெரியாது. எல்லாரும் சொல்கிறார்கள் என்று எடுத்தேன்.

#5 லினக்ஸ்பித்தன்

சிக்கல் உரிமத்தில் இருக்கிறது. கியூஎம்கே ஜிபிஎல், அதாவது விநியோகித்தால் மூல நிரலையும் கொடுத்தாக வேண்டும். உங்கள் என்ஆர்எஃப் சில்லைச் செய்கிற நார்டிக்கின் சில்லுகளில் புளூடூத் ஓட்ட அந்த நிறுவனம் கொடுக்கும் சாஃப்ட்டிவைஸ் மூல நிரல் இல்லாத, மூடிய துண்டு. ஜிபிஎல் நிரலோடு அதைச் சேர்த்து ஒரே கோப்பாக விநியோகிக்க முடியாது. இசட்எம்கே 2020இல் தொடங்கியபோது இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு போனார்கள். கீழே செஃபிர் என்ற இயங்குதளம், அதில் புளூடூத் அடுக்கும் திறந்த மூலமாகவே இருக்கிறது. மேலே இசட்எம்கே, எம்ஐடி உரிமம்.

'கியூஎம்கே, வயர்லெஸ்' என்று இரண்டையும் பெட்டியில் அச்சடித்து விற்கும் பலகைகளில் பெரும்பாலும் ரேடியோவுக்குத் தனிச் சில்லு இருக்கும். கியூஎம்கே ஓடும் சில்லு 'இந்த விசை அழுத்தப்பட்டது' என்று அதற்குச் சொல்லும், அது காற்றில் அனுப்பும். வேலை செய்யும், ஆனால் பேட்டரி விஷயத்தில் இரண்டு சமையற்காரர் வைத்த வீடுதான்.

வன்பொருள் வித்தியாசத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய ப்ரோ மைக்ரோவில் இருக்கும் ஏடிமெகா32யு4 சில்லுக்கு நிரல் வைக்கும் நினைவகம் 32 கிலோபைட், ரேம் இரண்டரை கிலோபைட். என்ஆர்எஃப்52840இல் ஒரு மெகாபைட்டும் 256 கிலோபைட்டும். இடம் பற்றாமல் ஒரு வசதியை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடுகிற பழைய காலத்து வேலை இனி இல்லை.

#6 பாதிராத்திரி

ஒரு வாரம் கழித்து வருகிறேன். வலது கை கடைசியில் வலது கையாகிவிட்டது.

கிட்ஹப்பில் நம் கோப்புகளை வைத்தால் அதுவே நிரலைக் கட்டி, இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று என்று யுஎஃப்2 கோப்புகளை ஜிப்பில் கொடுத்துவிடுகிறது. என் கணினியில் ஒன்றுமே நிறுவவில்லை. ரீசெட்டை இரண்டு முறை டக்டக்கென்று தொட்டால் பலகை ஒரு பென்டிரைவ் போல வருகிறது, கோப்பை இழுத்துப்போட்டால் முடிந்தது.

இடதும் வலதும் மட்டும் ஒன்றையொன்று பார்க்க மாட்டேன் என்று அடம்பிடித்தன. இரண்டிலும் செட்டிங்ஸ் ரீசெட் கோப்பை முதலில் ஏற்றி, பிறகு அதனதன் கோப்பை ஏற்றி, இரண்டையும் ஒரே நேரத்தில் ரீசெட் செய்ததும் கைகோத்துக்கொண்டன. இரண்டையும் இடதாக வைத்திருந்த காலத்தில் சோதித்துப் பார்த்ததன் எச்சம் என்று நினைக்கிறேன்.

ஆங்கிலம் பிரமாதம். தமிழ்தான் போச்சு. தமிழ்99ஐப் போட்டுவிட்டு 'வணக்கம்' என்று அடித்தால் 'உநர்ரூஏ' என்று வருகிறது.

#7 லினக்ஸ்பித்தன்

உநர்ரூஏ!

வரத்தான் செய்யும். விசைப்பலகை கணினிக்கு எழுத்தை அனுப்புவதில்லை. வழக்கமான அடுக்கில் இன்ன இடத்து விசை என்று ஓர் எண்ணைத்தான் அனுப்புகிறது. அதைத் தமிழாக்குவது கணினி. நீங்கள் ஃபர்ம்வேரில் கோல்மாக் போட்டதால் 'வ' இருக்கும் இடத்தை அழுத்தும்போது பலகை டி என்ற எண்ணை அனுப்புகிறது. தமிழ்99இல் டி என்றால் உ. மற்றதும் அப்படியே.

தமிழுக்கு என்று குவெர்டி வரிசையில் தனி லேயர் (அதே விசைகளுக்கு இன்னொரு அடுக்கு) வையுங்கள். கணினியில் மொழி மாறும்போது பலகையிலும் லேயர் மாற வேண்டும்.

#8 பாதிராத்திரி

அதைச் செய்தேன். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் அனுப்பிவிட்டு லேயரை மாற்றுகிற ஒரு மேக்ரோ. அரை நாளில் இரண்டும் ஆளுக்கொரு திசையில் போய்விட்டன. கணினி தமிழில் இருக்கும், பலகை ஆங்கிலத்தில் இருக்கும்.

#9 கவட்டை

'மாற்று' என்று சொன்னால் அப்படித்தான் ஆகும். கணினி என்ன மொழியில் இருக்கிறது என்று பலகைக்குத் தெரியாது, கேட்கவும் வழியில்லை. 'மாற்று' என்பதற்குப் பதில் 'தமிழுக்குப் போ', 'ஆங்கிலத்துக்குப் போ' என்று இரண்டு தனி ஆணை கொடுங்கள். பத்து தடவை அழுத்தினாலும் அதே இடத்துக்குத்தான் போகும்.

விண்டோஸில் மொழி அமைப்புகளின் உள்ளே போனால் ஒவ்வொரு மொழிக்கும் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓர் எண் என்று தனிக் குறுக்குவழி கொடுக்கலாம். தமிழ் மேக்ரோ கன்ட்ரோல் ஷிஃப்ட் 2 அனுப்பிவிட்டுத் தமிழ் லேயருக்குப் போகட்டும், ஆங்கில மேக்ரோ 1. லினக்ஸில் நான் எஃப்13, எஃப்14 விசைகளை அனுப்பி, அவற்றுக்கு ஐபஸ் (லினக்ஸில் மொழி உள்ளீட்டைக் கவனிக்கும் மென்பொருள்) எஞ்சினை மாற்றும் கட்டளையைக் கட்டி வைத்திருக்கிறேன். எஃப்13ஐ அமைப்புப் பெட்டியில் அழுத்தினால் 'டூல்ஸ்' என்று பெயர் காட்டும், பயப்பட வேண்டாம்.

#10 வெறும்_கை

எதற்கு இந்தச் சுற்று? ஃபர்ம்வேரிலிருந்தே தமிழ் யூனிகோட் அனுப்பிவிட்டால் எந்தக் கணினியில் செருகினாலும் தமிழ் வருமே.

#11 லினக்ஸ்பித்தன்

யூனிகோட் அனுப்ப எச்ஐடி விசைப்பலகை நெறியில் இடமே இல்லை. செய்கிறவர்கள் எல்லாம் ஏமாற்று வித்தைதான் செய்கிறார்கள். லினக்ஸில் கன்ட்ரோல் ஷிஃப்ட் யு, பிறகு 0பி95 என்று நான்கு இலக்கம், பிறகு ஸ்பேஸ். ஒரு 'க'வுக்கு இவ்வளவு. விண்டோஸில் வேறு வித்தை, மேக்கில் வேறு. ஆக 'எந்தக் கணினியிலும்' என்பது அங்கேயே அடிபட்டுப்போகிறது.

அதைவிடப் பெரிய விஷயம், தமிழ்99 வெறும் எழுத்துப் பட்டியல் இல்லை. க இரண்டு தடவை அடித்தால் முதல் க தானாகப் புள்ளி பெறும். ங அடித்துக் க அடித்தால் ங்க. மெய்க்குப் பின் ஆ அடித்தால் கால் ஆகும். இதையெல்லாம் ஃபர்ம்வேரில் நீங்கள் எழுத வேண்டும், பேக்ஸ்பேஸ் அழுத்தினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து. கணினி ஏற்கெனவே சரியாகச் செய்வதைப் பலகைக்குள் தப்பாகச் செய்வானேன்?

#12 வெறும்_கை

சரி, சரி. கேட்டது தப்பா?

#13 ரிச்சித்தெரு

தப்பே இல்லை தம்பி. இதே கேள்வியைக் கேட்டுவிட்டு மூன்று வாரம் அதையே கட்டிக்கொண்டிருந்தவன் நான்.

#14 கவட்டை

இழையின் தலைப்புக்கு வருவோம். தமிழ்99க்கு எத்தனை விசை வேண்டும்? உயிர் 12, மெய் 18, புள்ளி 1. ஆக 31. ஆய்தமும் கிரந்தமும் ஷிஃப்டில் போய்விடும்.

ஸ்வீப்பில் கட்டைவிரல் நான்கை விட்டால் 30 விசை. அதில் காற்புள்ளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் இரண்டு போனால் 28. மூன்று எழுத்து வெளியே நிற்கிறது. எந்த மூன்று? பெரிய விசைப்பலகையில் பி விசைக்கு வலப்பக்கம் இருக்கிற இரண்டு சதுர அடைப்பு விசையும், அரைப்புள்ளிக்குப் பக்கத்து மேற்கோள் விசையும். அதாவது ச, ஞ, ய.

ஞ போனால்கூடப் பரவாயில்லை. ச, ய இல்லாமல் தமிழில் ஒரு வரி எழுத முடியுமா? 'செய்' என்றுகூடச் சொல்ல முடியாது.

என் தீர்ப்பு: ஸ்வீப்பை விற்றுவிட்டு கார்ன் கட்டுங்கள். 42 விசை, பக்கத்துக்கு 21. வலது ஓரத்தில் சரியாக மூன்று விசை கூடுதலாக இருக்கிறது. மேலே ச, நடுவில் ய, கீழே ஞ. தமிழுக்கென்றே அளந்து வெட்டியது போல இருக்கும். டயோடு 42 பற்றவைக்க வேண்டும், அதுதான் விலை.

#15 பாதிராத்திரி

17 சாக்கெட்டைக் கழற்றி மாட்டியவனிடம் போய் விற்கச் சொல்கிறீர்களே அண்ணே.

காம்போ வைத்துச் சமாளிக்கலாம் என்று பார்க்கிறேன். இரண்டு விசையை ஒன்றாக அழுத்தினால் மூன்றாவது எழுத்து. இசட்எம்கேயில் ஒரு காம்போவைக் குறிப்பிட்ட லேயரில் மட்டும் இயங்கும்படி வைக்கலாம் என்பதால் ஆங்கிலத்தைத் தொடாது. குவெர்டியின் ஓ விசையும் பி விசையும் (ட, ண) சேர்த்தால் ச. சதுர அடைப்பு விசைக்கு அடுத்த வீடு என்பதால் விரலுக்கும் பழகியது போல இருக்கும். யு, ஐ விசைகள் (ற, ன) சேர்த்தால் ய. கே, எல் விசைகள் (ம, த) சேர்த்தால் ஞ. இன்று ராத்திரி ஏற்றிப் பார்க்கிறேன்.

#16 பாதிராத்திரி

ஏற்றினேன். 'வண்டி' அடித்தால் 'வசி'. 'என்று' அடித்தால் 'எயு'. 'கண்டேன்' அடித்தால் 'கசேன்'. மெதுவாக அடித்தால் எல்லாம் சரியாக வருகிறது, வேகம் பிடித்ததும் கெட்டுப்போகிறது. காம்போ நேரத்தை (இரண்டு அழுத்தலுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கலாம் என்பது) 50 மில்லி நொடியிலிருந்து 25ஆகக் குறைத்தேன். இப்போது தப்பும் வருகிறது, வர வேண்டிய ச-வும் வருவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே, 'தமிழ்' என்று அடித்தால் 'ஞிழ்'. அதோடு கணினியை மூடிவிட்டுப் படுத்துவிட்டேன்.

#17 மெய்ப்பு

ஞிழ்! இதைப் படித்துவிட்டு ஆபீசில் சத்தமாகச் சிரித்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் தம்பி.

எனக்கு ஃபர்ம்வேர் தெரியாது. என் வீட்டுக்காரர் கட்டிக்கொடுத்த பலகையில் அடிக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் பிழை திருத்துவது என் பிழைப்பு, அதனால் இந்த விஷயத்தில் ஒன்று சொல்லலாம்.

தமிழ்99இன் வலது பக்கத்தைப் பாருங்கள். ற பக்கத்தில் ன. ட பக்கத்தில் ண. ச பக்கத்தில் ஞ. ப பக்கத்தில் ம. த பக்கத்தில் ந. வல்லினமும் அதன் இன மெல்லினமும் அடுத்தடுத்த வீடு (க-வும் ங-வும் மட்டும் பிரிந்து கிடக்கின்றன). அடுக்கு செய்தவர்கள் தெரிந்தேதான் வைத்திருக்கிறார்கள். ன்ற, ண்ட, ஞ்ச, ம்ப, ந்த என்று தமிழில் ஓயாமல் வருவதால் விரல் ஓர் எழுத்திலிருந்து பக்கத்து எழுத்துக்கு உருண்டு போகட்டும் என்று. 'ண்ட' அடிக்க நீங்கள் பியிலிருந்து ஓவுக்கு உருள்கிறீர்கள். காம்போவுக்கு எது முன், எது பின் என்று தெரியாது. ஒன்றாக அழுத்தியதாக எடுத்துக்கொள்கிறது.

மிச்ச ஜோடிகளும் தப்பிக்காது. ம-வும் த-வும் பக்கம் பக்கம், 'தமிழ்' போயிற்று. ன-வும் ட-வும் பக்கம், 'உடனே' போகும். ல-வும் ர-வும் பக்கம், 'மலர்' போகும். க, ப வைத்தால் 'பகல்' போகும். வலது கையில் மெய்யோடு மெய் எதைச் சேர்த்தாலும் ஏதோ ஒரு சொல் பலியாகும்.

இடது கைக்குப் போங்கள். அங்கே பெரும்பாலும் உயிர்தான். தமிழில் ஒரு சொல்லுக்குள் உயிருக்கு அடுத்து உயிர் வராது. இரண்டு உயிர் சந்தித்தால் நடுவில் ய் அல்லது வ் வந்து உட்கார்ந்துகொள்ளும். பள்ளிக்கூடத்தில் உடம்படுமெய் என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான். இரண்டு சொல்லுக்கு நடுவில் என்றால் ஸ்பேஸ் வந்துவிடும். அதனால் உயிரோடு உயிரைச் சேர்த்து எந்தக் காம்போ வைத்தாலும் சாதாரணமாகத் தட்டச்சு செய்யும்போது அந்த இரண்டு விசையும் அடுத்தடுத்து வருவதற்கு வாய்ப்பே இல்லை.

#18 லினக்ஸ்பித்தன்

அக்கா, இத்தனை வருடம் காம்போ நேரத்தை 30, 35, 40 என்று மாற்றி மாற்றித் திருகிக்கொண்டிருந்தேன். இலக்கண வகுப்பில் தூங்கியதன் பலன்.

#19 வெறும்_கை

அளபெடை?

#20 மெய்ப்பு

கேட்பீர்கள் என்று தெரியும்! பழம்பாட்டு தட்டச்சு செய்கிறவர்களுக்கு அது உண்டு. நெடிலுக்குப் பின்னால் அதே இனக் குறில் வரும்: ஆஅ, ஈஇ, ஊஉ, ஏஎ, ஓஒ. முதல் நான்கும் தமிழ்99இல் மேலும் கீழுமாக இருக்கின்றன. ஓ-வும் ஒ-வும் மட்டும் கீழ் வரிசையில் பக்கம் பக்கம். அந்த ஜோடியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளுங்கள்.

#21 பாதிராத்திரி

அக்காவுக்கு ஒரு கும்பிடு.

இப்போது வைத்திருப்பது: ஈ-யும் ஊ-வும் சேர்த்தால் ச. இ-யும் உ-வும் சேர்த்தால் ய. ஞ-வை முதலில் ஊ, ஐ ஜோடிக்குக் கொடுத்தேன், 'கொஞ்சம்' அடிக்கும்போது மாட்டிக்கொண்டேன். ஞ-வுக்கும் ச-வுக்கும் ஊ பொதுவாகிவிட்டதால் நடுவிரலைத் தூக்கித் திரும்ப வைக்க வேண்டியிருந்தது. ஞ-வை ஐ, ஏ ஜோடிக்கு மாற்றினேன். இரண்டு விசைக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் ஆள்காட்டி விரலை வைத்து அமுக்கினால் இரண்டும் சேர்ந்து இறங்குகின்றன. சாக் சுவிட்ச் தட்டையாக இருப்பதால் இது எளிது. உயரமான எம்எக்ஸ் மூடிகளில் எப்படி என்று தெரியவில்லை.

காம்போ நேரம் 50தான், இயல்பாக இருந்தது. உயிர் எழுத்து திரையில் விழ மிகச் சின்னத் தயக்கம் தெரிகிறது, உற்றுப் பார்த்தால்தான். நான்கு நாளாக ஒரு தப்பு காம்போகூட வரவில்லை. வண்டி ஓடுகிறது.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். ஆங்கிலத்துக்கு நடுவரிசையில் மாற்று விசைகள் வைத்திருந்தேன்: தட்டினால் எழுத்து, பிடித்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட். அதை அப்படியே தமிழ் லேயருக்கும் நகல் எடுத்துவிட்டேன். தமிழ்99இல் இடது ஆள்காட்டி விரலின் வீட்டில் இருப்பது புள்ளி. 'செய்தாள்' அடிக்கும்போது ய-வுக்குப் புள்ளி வைத்த விரல் எழுவதற்குள் வலது கை த-வுக்குப் போய்விடுகிறது. ஃபர்ம்வேர் அதை ஷிஃப்ட் என்று எடுத்துக்கொண்டது, புள்ளி காணாமல் போனது. புள்ளியோ சொல்லுக்கு ஒன்றிரண்டு வருகிறது. தமிழ் லேயரில் அந்த வசதியை மொத்தமாக எடுத்துவிட்டு, ஷிஃப்டைக் கட்டைவிரலுக்கு ஒட்டும் விசையாகக் கொடுத்துவிட்டேன். ஒரு தட்டு தட்டினால் அடுத்த எழுத்துக்கு மட்டும் ஷிஃப்ட். ஃ, ஸ, ஜ, ஹ போன்றவற்றை எழுத மட்டும்தானே வேண்டும்.

#22 பனங்கிழங்கு

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இழை முழுக்க வாசித்தேன், நல்ல சுவாரசியம். ஆனால் இந்த உயிர் வித்தை எங்களுக்குச் சரிவராது. இங்கே நான் பழகினது ரெங்கநாதன் அடுக்கு. தட்டச்சுப்பொறி வழியில் வந்தது, எழுதுகிற ஒழுங்கிலேயே அடிக்க வேணும். கொம்பு முன்னுக்கு, பிறகு மெய். 'பாடாதே' என்றால் ட-வுக்குப் பிறகு கால், உடனே அடுத்த எழுத்தின் கொம்பு, அதுக்குப் பிறகுதான் த. உயிர்க்குறிகள் இரண்டும் அடுத்தடுத்து வந்துவிடும். மெய்ப்பு அக்காவின் விதி அங்கேயே உடைஞ்சு போகும்.

தமிழ்த் தட்டச்சுக்கு அடுக்கு செய்த ஆர். முத்தையா எங்கள் ஊரில் பிறந்தவர் என்கிற பெருமையில் அதை விடவும் மனமில்லை. நான் 42க்கே போகிறேன்.

#23 மெய்ப்பு

அருமை! இது எனக்குத் தோன்றவே இல்லை. நான் சொன்னது ஒலி ஒழுங்கில் அடிக்கிற அடுக்குக்கு மட்டும்தான் பொருந்தும். மொழியின் விதி என்று நினைத்துக்கொண்டு, பாதி அடுக்கின் விதியைச் சொல்லியிருக்கிறேன்.

#24 ரிச்சித்தெரு

பேட்டரி என்ன சொல்கிறது தம்பி?

#25 பாதிராத்திரி

இடது ஒன்பது நாள் வந்தது. வலது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டிலும் ஒரே செல்தான் அண்ணே. செல் கோளாறா?

#26 ரிச்சித்தெரு

கோளாறு இல்லை. இடது பக்கம்தான் குடும்பத் தலைவர். வலது அழுத்துவதையெல்லாம் வாங்கி, தன்னுடையதையும் சேர்த்துக் கணினிக்கு அனுப்புவது அது. வலது தன் சேதியை இடதுக்குச் சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடும். இரண்டு வழி உண்டு. இடதுக்குக் கொஞ்சம் பெரிய செல் போடலாம். இல்லை, மூன்றாவதாக ஒரு சூப்பர்மினி வாங்கிக் கணினியின் யுஎஸ்பியில் டாங்கிளாகச் செருகி அதைத் தலைவராக்கிவிடலாம். அப்போது இரண்டு பக்கமும் வலது போலவே ஆகிவிடும்.

டாங்கிளில் இன்னொரு லாபம்: கணினி அதை யுஎஸ்பி விசைப்பலகையாகவே பார்க்கும். வட்டுக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டி வைத்திருந்தால் கணினி கிளம்பும்போது புளூடூத் வேலை செய்யாது, டாங்கிள் செய்யும். திரை, வண்ண விளக்கு ஏதாவது மாட்டியிருக்கிறீர்களா?

#27 பாதிராத்திரி

இல்லை அண்ணே. விளக்குப் போடலாமா என்று நினைத்தேன்.

#28 ரிச்சித்தெரு

போடாதீர்கள். அந்த எல்இடிகள் அணைந்திருக்கும்போதும் ஆளுக்கு ஒரு மில்லி ஆம்பியர் அளவுக்குக் குடிக்கும். உங்கள் செல்லோ மொத்தம் 110. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஸ்லீப் போட்டிருக்கிறீர்கள்தானே?

#29 பாதிராத்திரி

போட்டிருக்கிறேன். 15 நிமிடம் தொடாமல் விட்டால் தூங்கிவிடுகிறது. எழுப்பும்போது முதல் எழுத்தை விழுங்கிவிட்டு ஒரு நொடி கழித்து இணைகிறது. 30 நிமிடமாக ஆக்கியிருக்கிறேன். யோசித்து யோசித்து எழுதுகிறவனுக்கு 15 பற்றாது.

மூன்றாவது சூப்பர்மினி கைவசம் இருக்கிறது, வாங்கும்போதே பயந்து ஒன்று கூடுதலாக வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை டாங்கிள் செய்து பார்க்கிறேன்.

#30 வெறும்_கை

நானும் ஸ்வீப்புக்குப் பலகை ஆர்டர் போட்டுவிட்டேன். உங்கள் கீமேப் கோப்பைப் பொதுவில் வைப்பீர்களா?

#31 பாதிராத்திரி

கண்டிப்பாக. தமிழ் லேயருக்குக் கோப்பில் என்ன பெயர் வைப்பது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு 'ஞிழ்' என்று இருக்கிறது.